பனி என்று எழுதிய பதினான்கு இரவுகள்

ஜனவரி 8, வியாழன்

நல்ல வெயில். பல் கூசும் குளிர். பக்கெட் தண்ணீரின் மேல் ஐஸ் ஏடு கட்டியிருந்தது. சொம்பால் தட்டி உடைத்துத்தான் முகம் கழுவினேன்.

வேலை: ரேடார் டிஷ் மூடி துடைத்தது. பேட்டரிக்குத் தண்ணீர். நேற்றைய கோப்பு சென்னைக்கு. காட்டுமாடு மறுபடி ரேடார் டிரெய்லரில் முதுகு சொறிந்துவிட்டுப் போயிருக்கிறது. பின்விளக்கு காலி.

பதினொரு மணிக்கு மெயில். சென்னையில் ஆய்வை நடத்தும் மூர்த்தி சாரிடமிருந்து. ஏழு பேருக்கு அனுப்பி எனக்கு நகல். ஆங்கிலத்தில். மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அதே அர்த்தம்தான். டிசம்பர், ஜனவரியில் பதினான்கு இரவுகளை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம் மூடுபனி. மிச்சமுள்ள இரவுகளில் மலைக்கு மேல் பூச்சிகள் போனதாகத் தெரியவில்லை. வடக்கிலிருந்து வரும் பூச்சிக் கூட்டம் நீலகிரியைத் தாண்டுவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. ஆகவே கேத்தி நிலையம் தேவையில்லை. 19ஆம் தேதி லாரி வரும், ரேடாரைச் சமவெளிக்குக் கொண்டுபோவார்கள்.

கடைசியில் ஒரு வரி. "இயக்குபவரின் பதிவுகள் நம்பத்தகுந்தவையாக இல்லை."

இயக்குபவர் என்றால் நான். இந்த நிலையத்தில் வேறு யாரும் கிடையாது. காட்டுமாட்டைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூடுபனியா? அந்தப் பதினான்கு இரவுகளா? நட்சத்திரத்தை எண்ணலாம் போல இருந்த இரவுகள் அவை. இரண்டு வருஷத்தில் ரேடார் அத்தனை துல்லியமாக எதையும் காட்டியதில்லை. நானூறு மீட்டருக்கு மேலே புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் தென்மேற்கு நோக்கி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூச்சி. சிறகடிப்பு வேகம் உட்பட எல்லாம் வந்தது. தாண்டவில்லையாம். என் தலைக்கு மேலேதான் தாண்டின.

இன்றுமுதல் இந்த நோட்டில் மூ. மட்டும். சார் போட மனசு வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

மூ.வுக்கு நான்கு முறை போன். ஐந்தாவதில் எடுத்தார்.

"சார், அந்தப் பதினாலு நாளும் வானம் தெளிவா இருந்துச்சுங்க. மூட்டமே இல்லைங்க."

"அம்மா, நீங்கதானே பனின்னு எழுதியிருக்கீங்க. ஷீட் என் முன்னாடி இருக்கு."

"ஆமாங்க சார், பனிதான்."

"அதான்மா. மீட்டிங் இருக்கு, வச்சிடறேன்."

வைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பனி என்று எழுதினேன், பனிதான், பிறகு ஏன் நீக்க வேண்டும்?

மத்தியானம் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. கையிலிருந்த தட்டை அப்படியே போட்டேன்.

அவருக்குப் பனி என்றால் மூட்டம். மார்கழிக் காலையில் சென்னையில் எதிரே வரும் பஸ் தெரியாதே, அது. எங்களுக்கு அது மிஸ்ட். மிஸ்ட் இறங்கியிருக்கு என்போம். பனி என்றால் புல் வெள்ளையாகிக் கிடப்பது, பக்கெட்டில் ஏடு கட்டுவது, தேயிலை கருகுவது. வானம் சுத்தமாக இருந்தால்தான் பனி விழும். மேகம் இருந்தால் விழாது. அதாவது பனி என்று நான் எழுதிய ஒவ்வொரு இரவும் ரேடாருக்கு ஆகச் சிறந்த இரவு. பார்த்துப் பார்த்து அவற்றை மட்டும் பொறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று மூ. சொன்னது நினைவிருக்கிறது. பதிவு நோட்டில் வானிலை என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுத வேண்டும், ஆங்கிலத்திலா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஒரு வார்த்தை போதும்மா. தமிழ்லயே எழுதுங்க" என்றார். அன்று அது பெரிய மனசாகத் தெரிந்தது.

தெர்மாமீட்டர் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. தரையில் வைத்திருந்தது அக்டோபரில் உடைந்தது. கேட்டு மூன்று மெயில் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என் பதிவு நம்பத்தகுந்ததாக இல்லையாம்.

வாங்க: சோப்பு, அப்பாவுக்குத் தைலம், கையுறை (இடது கை கட்டைவிரல் ஓட்டை).

ஜனவரி 10, சனி

மூ. இன்று எடுத்தார். பனி என்றால் எங்களுக்கு என்ன என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் சொன்னேன், என் அளவில்.

கேட்டுக்கொண்டார். பிறகு: "சரிம்மா, உறைபனின்னே வச்சுக்குவோம். தண்ணியே உறையுற குளிர்ல பூச்சி எப்படிம்மா பறக்கும்? அப்போ நீங்க பார்த்தது வெறும் மெஷின் இரைச்சல். எப்படிப் பார்த்தாலும் அந்த ராத்திரி எல்லாம் போகத்தான் வேணும்."

எப்படிப் பார்த்தாலும் என்கிறார். ஒரு பக்கம் தப்பு என்று காட்டினால் மறு பக்கத்தைக் கையில் எடுக்கிறார். ஒரு நாளாவது இங்கே வந்து பார்த்தாரா? திறப்பு விழா அன்று வந்தார், மத்தியானச் சாப்பாடு, போட்டோ, நான்கு மணிக்கு இறங்கிவிட்டார்.

குளிர் பள்ளத்தில்தான் தேங்கும். கீழே கொல்லும், மேலே போகப் போக இதமாக இருக்கும். இது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். இதை நான் மூ.வுக்குச் சொன்னேனா? இல்லை. கோபத்தில் போனை வைக்கத்தான் தோன்றியது. "சரிங்க சார்" என்றேன். அதைச் சொன்னதற்கு என்னையே நான்கு அறை அறையலாம்.

ஜனவரி 11, ஞாயிறு

லீவு. துணி துவைத்தது. காயவில்லை.

அப்பா எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ரேடார் அவருக்கு இன்னும் அண்டாதான்.

"என்ன புள்ள, அண்டாவத் தூக்குறாங்களாமே."

சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நம்ம சொல்றத தொரமாரு என்னைக்கு நம்ம சொன்ன மாதிரி எழுதுனான். அக்கரையிலருந்து எங்களத் திருப்பி அனுப்பிக் கப்பல்ல வரையில என் பேர ராமையான்னு சொன்னேன். ராமாயின்னு எழுதிக் குடுத்துட்டான். பொம்பளப் பேரு. ரேசன் கார்டுல மாத்தவே எத்தன வருசம் நடந்தேன் தெரியுமா."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எழுபதை நெருங்குகிறார், இன்னும் சிரித்துத்தான் தள்ளுகிறார். நான் சிரித்துத் தள்ள மாட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

இரவு பனி. 380 முதல் 520 மீட்டர் வரை பூச்சி அடுக்கு. பெரிய சிறகுகள், மெதுவான அடிப்பு. திசை அதே.

காலையில் கோப்பை அனுப்பிவிட்டு வரும்போது நர்சரி வழியாக வந்தேன். தேயிலை நாற்று வைத்திருக்கும் இடம். சூப்பர்வைசர் மாலா அக்கா ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். வெயில் படுவதற்குள் பனியைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும்.

நின்று பார்த்தேன். தண்ணீர் அடிப்பது கீழ் பாத்திகளுக்கு மட்டும்.

"அக்கா, மேல் நர்சரிக்கு அடிக்கலையா?"

"அதுக்கு எதுக்கு ராணி? மேட்டுல பனி நிக்காது. பள்ளத்துலதான் வந்து உக்காந்துக்கும்."

"நீங்க தண்ணி அடிக்கிற நாளெல்லாம் எங்கயாச்சும் எழுதி வெப்பீங்களா?"

"எழுதாம? எத்தன ஆளு வந்துச்சு, எத்தன பாத்தி, எல்லாம் எழுதோணுமே. இல்லீன்னா ஆபீஸ்ல என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிப்போடுவாங்க."

ஷெட்டிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். நீல அட்டை, ஓரம் எல்லாம் மண். டிசம்பர் பக்கம். தேதிக்கு நேரே மாலா அக்காவின் சாய்ந்த எழுத்து: "பனி. தண்ணி அடிச்சது. கீழ 6 பாத்தி." அடுத்த நாள்: "மிஸ்ட். தண்ணி இல்ல." அதற்கடுத்த நாள்: "பனி."

அதே சொல். நான் எழுதிய அதே சொல். அழுகை வந்துவிட்டது, ஹோஸ் தண்ணீர் தெறித்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மாலா அக்கா கவனித்தார் என்று நினைக்கிறேன். டீ கொடுத்தார்.

நோட்டை இரண்டு நாளைக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பகல் முழுக்க மிஸ்ட். எதிர் மலை தெரியவில்லை. மூ. பார்க்க வேண்டியது இதை.

என் பதிவு நோட்டு, மாலா அக்கா நோட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக.

முதல் ஆறு: பொருந்துகிறது.
ஏழு, எட்டு, ஒன்பது: பொருந்துகிறது. ஒன்பதாவது நாள் மாலா அக்கா, "பனி ஜாஸ்தி" என்று வேறு எழுதியிருக்கிறார்.
பத்து: டிசம்பர் 21. என் நோட்டில் பனி. மாலா அக்கா நோட்டில்: "மிஸ்ட், தூத்தல். தண்ணி இல்ல."
மிச்ச நான்கும் பொருந்துகிறது.

பத்தாவதை மறுபடி பார்த்தேன். மறுபடியும். தேதி சரிதான்.

ரேடார் கோப்பைத் திறந்தேன். தரையிலிருந்து உச்சி வரை ஒரே புள்ளி மழை. அடுக்கு இல்லை, திசை இல்லை. தூறல் துளிகள். பார்த்த உடனே தெரிந்திருக்க வேண்டும். அன்று அப்பாவுக்குக் காய்ச்சல், ரேடாரை ஓடவிட்டுவிட்டு லயத்துக்கு வந்துவிட்டேன். காலையில் போய், முந்தின நாட்களைப் பார்த்து, அதே சொல்லை எழுதியிருக்கிறேன். பார்க்காமல் எழுதியது.

சீ. இத்தனை நாளாக ஊரையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 14, புதன். போகி

லயம் முழுக்கப் புகை. பழைய பாய், கிழிந்த கூடை, பிளாஸ்டிக் கூட. இருமல்.

காலையிலிருந்து ஒரே யோசனை. டிசம்பர் 21ஐச் சொல்ல வேண்டுமா? மாலா அக்கா நோட்டைப் படம் எடுத்து அனுப்பும்போது அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? பதின்மூன்று தேதி மட்டும் அனுப்பி, 21ஐப் பற்றி வாயே திறக்காமல் இருந்தால்? சொன்னால் மூ. அதைப் பிடித்துக்கொள்வார். பாருங்கள், நம்பத்தகுந்ததாக இல்லை என்று நான் சொன்னேனே என்பார். ஒன்றுக்காகப் பதின்மூன்றையும் தள்ளுவார்.

ஆனால் சொல்லாவிட்டால் அந்த வரி உண்மையாகிவிடும். அதுதான் எரிச்சல். அவர் பொய்யாக எழுதியதை நானே மெய்யாக்கின மாதிரி ஆகிவிடும்.

மாலை அனுப்பிவிட்டேன். பதினான்கு தேதி, இரண்டு நோட்டின் படங்கள், உறைபனி இரவிலும் உயரத்தில் பூச்சி பறக்கும் அளவு இதமிருக்கும் என்பதற்குக் கீழ் நர்சரி மேல் நர்சரி விஷயம். கடைசியில்: "டிசம்பர் 21 என் தவறு. அன்று பனி இல்லை, மூட்டம். அந்த ஒரு இரவை நீக்குங்கள். மற்ற பதின்மூன்றையும் திருப்பிக் கொடுங்கள்."

தமிழில்தான் எழுதினேன். ஏழு பேருக்கும் அனுப்பினேன். அனுப்பிவிட்டு மாலா அக்கா நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பொங்கல் பொங்கியது. அப்பா புது வேட்டி. மூ.விடமிருந்து வாழ்த்துப் படம் ஒன்று, கரும்பும் பானையும். மெயிலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஜனவரி 17, சனி

பதில் இல்லை. சுற்றுலா வண்டிகள் அருவங்காடு வரை நிற்கின்றன. பஸ் ஒன்றரை மணி நேரம் லேட்.

டிரெய்லர் பின்விளக்கைச் செலோ டேப் போட்டு ஒட்டினேன். லாரியில் ஏற்றப்போகும் வண்டிக்கு ஏன் ஒட்டுகிறேன் என்று தெரியவில்லை.

இரவு பனி. அடுக்கு 400. எழுதி வைத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மூ. போன்.

"படிச்சேன்மா. நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா லாரி புக் பண்ணியாச்சு. நானும் நாளைக்கு வரேன், பேசிக்கலாம்."

"பதின்மூணு நாள் என்னாச்சுங்க சார்?"

"நர்சரி நோட்டை எல்லாம் ஆதாரம்னு வைக்க முடியாதும்மா."

மாலா அக்கா நோட்டு ஆதாரம் இல்லையாம். விடிவதற்கு முன்னால் எழுந்து கை விறைக்கத் தண்ணீர் அடித்துவிட்டு எழுதினது. ஏசி அறையில் ஒரு சொல்லுக்குத் தப்பு அர்த்தம் கண்டுபிடித்தது மட்டும் ஆதாரம்.

"சார், நாளைக்கு ராத்திரி தங்குங்க" என்றேன். ஏன் என்றார். "சும்மா தங்குங்க சார். ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

லாரி மத்தியானம் மூன்றுக்கு. டிரைவர் மேட்டுப்பாளையம் ஆள், பெயர் கேட்கவில்லை. மூ. பின்னாலேயே காரில். ஸ்வெட்டர் இல்லை, ஒரு மெல்லிய ஜாக்கெட்.

கழற்றும் வேலை நாளைக் காலை என்று முடிவாயிற்று. மேகம் இல்லை. ஐந்து மணிக்கே மூக்கு எரிய ஆரம்பித்தது. பத்து நாளாக எரிச்சலில் இருந்தவள் இன்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன். மேகம் மட்டும் வரக் கூடாது.

இப்போது ஏழு மணி. ரேடாரைப் போட்டாயிற்று. ரேடார் திரை இருக்கும் கன்டெய்னரில் ஹீட்டர் ஒன்றுதான். அதை மூ. பக்கம் திருப்பி வைத்தேன். என்ன இருந்தாலும் விருந்தாளி.

ஜனவரி 20, செவ்வாய்

முழுவதும் எழுத வேண்டும், வரிசையாக.

ஒன்பது மணிக்கு முதல் புள்ளி. மூ. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்தரைக்கு 420இல் அடுக்கு தெளிவாக நின்றது. இரைச்சல் என்றால் சிறகடிப்பு எப்படி வரும், திசை எப்படி ஒன்றாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரே ஒவ்வொரு புள்ளியாகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்கும் தட்டிக்கொண்டேதான் இருந்தார். நான் தூங்கிவிட்டேன்.

ஆறரைக்கு வெளியே வந்தோம். மைதானம் முழுக்க வெள்ளை. டிரெய்லர் மேல் வெள்ளை. லாரிக் கண்ணாடியில் விரல் தடிமனுக்கு. டிரைவர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார், வண்டி இருமிவிட்டு நின்றது.

"என்னங்க இது, டீசலே உறைஞ்சு கட்டிக்கிச்சாட்ட இருக்குது" என்றார்.

மூ. குனிந்து புல்லைத் தொட்டார். விரலைப் பார்த்தார். மேலே பார்த்தார். நீலம், ஒரு பொட்டு மேகம் இல்லை.

"இதைத்தான் பனின்னு எழுதினீங்களா?"

"ஆமாங்க சார்."

"உறைபனிங்கிறது எங்க ஊர்ல புஸ்தகத்துல இருக்கிற வார்த்தைதாம்மா."

கீழே நர்சரியில் மாலா அக்கா தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நின்று கையாட்டினார். மூ. அவரிடம் போய், "இது எத்தனை நாளைக்கு ஒரு தடவை விழும்?" என்று கேட்டார்.

"மேகமில்லாம மானம் வெளுத்திருந்தா விழுமுங்க. ஏனுங்க சார், நோட்டப் பாத்தீங்களா? ராணிகிட்டக் குடுத்தனுங்களே."

பார்த்தேன் என்றார். முகம் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

கன்டெய்னருக்குத் திரும்பியதும் மூ. சொன்னார்: பதின்மூன்று இரவுகளும் திரும்பச் சேரும். மார்ச் வரைக்கும் ரேடார் இங்கேயே. லாரியைத் திருப்பி அனுப்பலாம், கிளம்பினால். தெர்மாமீட்டர் அடுத்த வாரம். எல்லாவற்றுக்கும் "நன்றிங்க சார்" என்றேன். கோபம் அப்படியே இருந்தது, ஒரு அங்குலம் குறையவில்லை. ஏன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

"அந்த வரி, சார்" என்றேன்.

"எந்த வரி?"

"நம்பத்தகுந்ததா இல்லைன்னு எழுதுனீங்களே. ஏழு பேருக்கு."

"அது உள்ளுக்குள்ள போன மெயில்தானேம்மா. அதை யாரு பெருசா எடுத்துக்கப் போறாங்க."

நான் அங்கேயே நின்றேன். என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். விரல் விறைத்திருந்தது, எழுத்து சரியாக விழவில்லை. ஓட்டை இல்லாத வலது கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன். சூடு பண்ணிக்கொண்டு தட்டினார். ஏழு பேருக்கும் அனுப்பினார். காட்டுங்கள் என்றேன். காட்டினார்.

"இயக்குபவரின் பதிவுகள் சரியே. வானிலைச் சொல் தவறாக வாசிக்கப்பட்டுவிட்டது."

வாசிக்கப்பட்டுவிட்டது. தானாகவே நடந்த மாதிரி. டிசம்பர் 21க்கு நான் "என் தவறு" என்று எழுதினேன். தப்பு நான் செய்தால் இயக்குபவர். அவர் செய்தால் வாசிக்கப்பட்டுவிடுகிறது, ஆளே இல்லை.

என் பதிவு நோட்டை எடுத்து நேற்றைய பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். வானிலை: பனி. பக்கத்தில் குறிப்புக்கு ஒரு காலிக் கட்டம்.

"இதுல எழுதுங்க சார். யாரு தப்பா வாசிச்சதுன்னு."

"அதான் மெயில் போட்டாச்சேம்மா. இன்னும் என்ன எழுதணும்?"

"ஒரு வார்த்தை போதும் சார். தமிழ்லயே எழுதுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சேர்ந்த அன்று தான் சொன்னது நினைவு வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பேனாவை எடுத்தார். குளிரில் மை வரவில்லை, இரண்டு தடவை உதறினார். மூன்றாவதில் வந்தது.

"நான்" என்று எழுதினார்.

லாரி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை.